உல்லாசபுரி பிரைட்டன்

சமுத்திரத் தண்ணீரைக் குடித்தால் வியாதியெல்லாம் பறந்து போகும் என்று ஒரு வைத்தியர் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "முதலில் நீர் குடித்துக் காட்டும், ஐயா!" என்றுதானே? ஆனால் இங்கிலாந்தில் ஒரு வைத்தியர் உண்மையாகவே அப்படிச் சொன்னார். ஜனங்களும் அதை நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல், மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கவும் குடித்தார்கள்!

அந்த வைத்தியரின் பெயர் ரிச்சர்டு ரஸ்ஸல். 1750-ஆம் ஆண்டில் அவர் லத்தீன் மொழியில் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். கழலை வியாதிகளுக்குக் கடல் நீரைப் போன்ற மருந்து கிடையாது, குளிக்கவும் வேண்டும், குடிக்கவும் வேண்டும் என்பது அவருடைய கட்சி. அவர் நோயாளிகளை அனுப்பிய இடம், இங்கிலாந்தின் தெற்குக் கரையில் மீன் பிடித்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு சின்ன ஊர். பிரைட்ஹெல்ம்ஸ்டன் என்று வாயில் நுழையாத பெயர் அதற்கு. வந்தவர்கள் பெயரைச் சுருக்கினார்கள், ஊரைப் பெருக்கினார்கள். அதுதான் இன்றைய பிரைட்டன்.

லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறையப் பிரைட்டனில் இறங்கிவிடலாம். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். 1841-இல் ரயில் பாதை போட்ட நாளிலிருந்து லண்டன்வாசிகள் இப்படித்தான் செய்து வருகிறார்கள். நம்மவர்களும் இப்போது ஏராளமாகப் போகிறார்கள். லண்டனில் மகளும் மாப்பிள்ளையும் இருந்தால், "ஞாயிற்றுக்கிழமை பிரைட்டன் போய் வரலாமா, அம்மா?" என்று கேட்காமல் இருக்கமாட்டார்கள்.

போகிறவர்கள் கடலைப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், உருளைக்கிழங்கு வறுவல் தின்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். அது பாதி பிரைட்டன். மற்றப் பாதியில் நம் தேசத்தாரின் கதை இருக்கிறது. அதையும் பார்க்காமல் திரும்பலாமா?

கூழாங்கல் கடற்கரை

முதலில் எல்லோரும் போகிற இடத்துக்கே நாமும் போவோம். ஸ்டேஷனிலிருந்து நேராக இறங்கும் தெருவின் கோடியில் கடல் தெரிகிறது. வழி கேட்கவே வேண்டாம்.

ஆனால் மணலில் கால் புதைய நடக்கலாம் என்று ஆசையோடு போகிறவர்களுக்கு அங்கே ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. கரை முழுவதும் கூழாங்கற்கள்! மணல் வீடு கட்டக் குழந்தைகளுக்கு வழியில்லை. வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் ஓலமிடும். நல்ல அடி உள்ள செருப்பு அவசியம். கோடைக்காலமானாலும் ஒரு கம்பளிச் சட்டையைக் கையோடு எடுத்துப் போவது புத்திசாலித்தனம். புடைவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். அந்தக் காற்று யாரையும் மரியாதை பார்ப்பதில்லை. அலை பின்வாங்கும்போது ஆயிரக்கணக்கான கற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்பதற்காகவே அரை மணி நேரம் உட்காரலாம்.

கடலுக்குள் கால் ஊன்றி நீண்டு நிற்கிறதே, அதுதான் பாலஸ் பியர். 1899-இல் திறந்தார்கள். நீளம் 1,722 அடி. பலகைத் தளத்தின் இடுக்கு வழியாகக் கீழே கடல் தளும்புவது தெரியும். கோடியில் ராட்டினங்கள், வேடிக்கை விளையாட்டுகள், குழந்தைகளின் கூச்சல். சற்று மேற்கே கடலில் துருப்பிடித்த இரும்புக் கூடு ஒன்று தனியாக நிற்கும். அது 1866-இல் கட்டிய வெஸ்ட் பியர். 1975-இல் மூடினார்கள், 2003-இல் தீப்பிடித்தது. மாலையில் அதன்மேல் பறவைக் கூட்டம் சுழல்வதைப் பார்க்க இன்றும் ஜனங்கள் கூடுகிறார்கள்.

பியருக்குக் கிழக்கே கரையோரமாகக் குட்டி ரயில் ஒன்று ஓடுகிறது. பொம்மை ரயில் என்று அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது. கடிகாரக்காரர் ஒருவரின் மகனான மாக்னஸ் வோல்க் 1883-இல் ஓடவிட்ட மின்சார ரயில் இது. உலகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மின்சார ரயில்களில் இதுவே மிகவும் பழையது. குளிர்காலத்தில் ஓய்வு எடுத்துக்கொள்ளும். கோடையில் போனால் குழந்தைகளை அவசியம் ஏற்றுங்கள்.

சாப்பாட்டு விஷயம் என்ன என்கிறீர்களா? மாவில் தோய்த்துப் பொரித்த மீனும், தடித்த உருளைக்கிழங்கு வறுவலும், மேலே வினிகரும்தான் அந்தக் கடற்கரையின் பிரசித்தமான ஆகாரம். சைவர்கள் கவலைப்பட வேண்டாம். சைவச் சாப்பாட்டு விடுதிகளுக்கு இங்கிலாந்திலேயே பேர்போன ஊர்களில் பிரைட்டனும் ஒன்று. எது வாங்கினாலும் கையால் மூடிக்கொண்டு சாப்பிடுங்கள். கடற்பறவைகள் காக்கையைவிடக் கெட்டிக்காரத் திருடர்கள்!

ஊருக்கு வாங்கிப் போக 'ராக்' என்ற மிட்டாய்க் கோல் இருக்கிறது. எந்த இடத்தில் ஒடித்தாலும் உள்ளே பிரைட்டன் என்ற எழுத்துக்கள் தெரியும். எப்படிச் செய்கிறார்கள்? பாகு இளம் சூட்டில் இருக்கும்போதே வர்ணப் பாகுப் பட்டைகளை எழுத்து எழுத்தாக அடுக்கி, சுற்றிலும் வெள்ளைப் பாகை வைத்து, தலையணை கனத்துக்கு ஓர் உருளை செய்கிறார்கள். பிறகு அதை உருட்டி உருட்டி, விரல் கனத்துக்கு இழுத்துவிடுகிறார்கள். எழுத்தும் கூடவே மெலிந்து, கோடி வரை ஓடிவிடுகிறது. கம்பிப் பாகு காய்ச்சி அனுபவப்பட்ட கைகளுக்கு இதன் அருமை தெரியும்.

குளிப்பாட்டும் அம்மாள்

ரஸ்ஸல் வைத்தியர் கடலில் குளிக்கச் சொல்லிவிட்டார். பெரிய வீட்டுப் பெண்கள் எப்படிக் குளிப்பது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சக்கரம் வைத்த மரக் கூண்டுக்குள் சீமாட்டி ஏறிக்கொள்வாள். குதிரை அதைக் கடலுக்குள் இழுத்துப் போகும். உள்ளேயே உடை மாற்றிக்கொண்டு மறுபக்கத்துக் கதவைத் திறந்தால் தண்ணீர். அங்கே இடுப்பளவு நீரில் ஒரு வலுவான அம்மாள் நின்றுகொண்டிருப்பாள். சீமாட்டியைப் பிடித்து, அலை வரும்போது ஒரு முக்கு முக்கி எடுத்துக் கூண்டுக்குள் விடுவாள். வேலை முடிந்தது!

இந்தத் தொழிலில் மகாராணியாக விளங்கியவள் மார்த்தா கன். 1726-இல் பிறந்து 1815 வரை வாழ்ந்தவள். இளவரசரின் அரண்மனைச் சமையலறை வரை அவளுக்குச் செல்வாக்கு உண்டு. ஒரு நாள் அங்கே கொடுத்த வெண்ணெயை அவள் அங்கிப் பைக்குள் மறைத்துக்கொண்டாளாம். அதைக் கண்டுவிட்ட இளவரசர், பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவளை அடுப்புப் பக்கமாக நகர்த்தினாராம். பாவம், வெண்ணெய் உருகி வழிய ஆரம்பித்துவிட்டது! ஊரார் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதை இது. செயின்ட் நிக்கலஸ் கோவில் மயானத்தில் அவளுடைய கல்லறையைப் பார்க்கலாம்.

பாட்னாக்காரர் கொடுத்த 'ஷாம்பூ'

அதே மயானத்தில் நம் தேசத்துக்காரர் ஒருவரும் உறங்குகிறார். அவர் ஷேக் தீன் முகம்மது.

1759-இல் பாட்னாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்து, பிறகு அயர்லாந்துக்குப் போய், ஜேன் டேலி என்ற ஐரிஷ் பெண்ணைக் கலியாணம் செய்துகொண்டார். 1794-இல் தம்முடைய யாத்திரைகளைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் அதுதான். 1810-இல் லண்டனில் இந்தியச் சாப்பாட்டு விடுதி நடத்திப் பார்த்தார். ருசி இருந்தது, வரும்படி இல்லை, கடை திவாலாகிவிட்டது.

வேறு யாராவது இருந்தால் இடிந்து போயிருப்பார்கள். இவரோ ஐம்பத்தைந்து வயதில், 1814-இல், மனைவியோடு பிரைட்டனுக்கு வந்து புதுத் தொழில் ஆரம்பித்தார். மூலிகை போட்ட வெந்நீர் ஆவியில் நோயாளியை உட்கார வைத்து, வியர்க்கவிட்டு, உடம்பு பிடித்துவிடும் தொழில். ஹிந்தியில் உடம்பு பிடித்துவிடுவதைச் 'சம்பி' என்பார்கள். அதுதான் ஆங்கிலேயர் வாயில் 'ஷாம்பூ' ஆயிற்று. இன்று குளிக்கும் அறையில் தலைக்குத் தேய்த்துக்கொள்ள வைத்திருக்கிறோமே, அந்த ஷாம்பூவுக்குப் பெயர் வந்த வழி இதுவே!

முதலில் ஊரார் ஏளனம் செய்தார்கள். கை கால் பிடிப்புள்ளவர்களுக்குக் குணம் தெரியத் தெரிய, ஏளனம் மறைந்தது. நடக்க முடிந்தவர்கள் விட்டுப் போன ஊன்றுகோல்களை அவர் சுவரில் மாட்டி வைத்திருந்தாராம். பெண்கள் பகுதியை ஜேன் அம்மாள் கவனித்துக்கொண்டாள். நாலாம் ஜார்ஜ், நாலாம் வில்லியம் என்ற இரண்டு அரசர்களுக்கும் அவர் ராஜ வைத்தியராக இருந்தார். 1851-இல் காலமானார். அவருடைய குளியல் மாளிகை இருந்த இடத்தில் இப்போது குவீன்ஸ் ஹோட்டல் நிற்கிறது.

வெளியே இந்தியா, உள்ளே சீனா

கடலுக்கு முதுகைக் காட்டிச் சற்று ஊருக்குள் நடந்தால், "இங்கிலாந்தில்தான் இருக்கிறோமா?" என்று ஒரு கணம் சந்தேகம் வந்துவிடும். வெங்காயம் போன்ற குவிந்த கோபுரங்கள், ஸ்தூபிகள், கல் ஜன்னல்கள்! இதுதான் ராயல் பெவிலியன்.

பின்னால் நாலாம் ஜார்ஜ் மன்னராகப் போகிற இளவரசர் 1783-இல் முதன்முதலாகப் பிரைட்டனுக்கு வந்தார். வயது இருபத்தொன்று. கை நிறையக் கடன், மனம் நிறைய உல்லாசம். இங்கே ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்து, அதை மாற்றி மாற்றிக் கட்டினார். கடைசியில் ஜான் நாஷ் என்ற சிற்பி 1815-இல் தொடங்கி ஏழெட்டு வருஷங்களில் இப்போதுள்ள உருவத்தைக் கொடுத்தார்.

நாஷ் இந்தியாவைக் கண்ணால் கண்டவரல்ல. நம் நாட்டில் ஊர் ஊராகச் சுற்றிப் படம் வரைந்து போன தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரு ஓவியர்களின் படப் புத்தகங்களை வைத்துக்கொண்டுதான் கட்டினார். தஞ்சைக் கோபுரத்தையும் மதுரை மண்டபத்தையும் சீமையிலே அறிமுகப்படுத்திய அதே டேனியல்கள்தாம். அதனால் பெவிலியன் எந்த இந்தியக் கட்டிடத்தையும் போல இல்லை. கனவில் கண்ட இந்தியா அது. உள்ளே நுழைந்தாலோ எல்லாம் சீன மயம்! விருந்து மண்டபத்தில் ஒரு பறவை நாகம் தன் நகங்களில் பிடித்துத் தொங்கவிட்ட பெரிய சரவிளக்கு. அதன் எடை ஒரு டன் என்கிறார்கள். கீழே உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குத் தொண்டையில் இறங்கியதோ என்னவோ!

பெண்கள் தவறாமல் பார்க்க வேண்டியது சமையலறை. இரும்புத் தூண்களின் உச்சியில் தாமிரத்தில் பனை ஓலைகள் விரிந்திருக்கின்றன. சுவரெங்கும் தேய்த்து மினுக்கிய செம்புப் பாத்திரங்கள். பிரான்ஸின் பெயர்போன சமையற்காரர் கரேம் இங்கே வேலை பார்த்தார். 1817 ஜனவரியில் ஒரு விருந்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட பதார்த்தங்கள் செய்தாராம். பாத்திரம் தேய்த்தவர்களின் பெயரைத்தான் ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

மூன்று மோதிரங்கள்

இந்த உல்லாசத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்ணின் துயரமும் இருந்தது. மரியா பிட்ஸ்ஹெர்பர்ட் என்ற இளம் விதவை. இரண்டு கணவர்களை இழந்தவள். கத்தோலிக்க மதத்தைச் சேர்ந்தவள். இளவரசர் அவளை 1785 டிசம்பரில் ரகசியமாக மணந்துகொண்டார். அரசருடைய அனுமதி இல்லாததால் சட்டம் அந்தக் கலியாணத்தை ஒப்பவில்லை. பத்து வருஷத்துக்குள் அவர் ஜெர்மனி தேசத்து இளவரசி கரோலினை ஊரறிய மணந்தார். மரியா ராணி ஆகவில்லை. பெவிலியனுக்கு அருகிலேயே ஸ்டைன் ஹவுஸ் என்ற வீட்டில் கௌரவமாக வாழ்ந்து 1837-இல் கண்ணை மூடினாள்.

1830-இல் மன்னர் இறந்தபோது, அவர் விருப்பப்படி மரியாவின் சிறு உருவப்படத்தை அவர் உடலோடு வைத்துப் புதைத்தார்கள். பிரைட்டனில் செயின்ட் ஜான் தேவாலயத்தில் மரியாவின் நினைவுச் சிலை இருக்கிறது. அதன் விரலில் மூன்று கலியாண மோதிரங்கள் செதுக்கியிருக்கிறார்கள். சட்டம் ஒப்பாததைக் கல் ஒப்புக்கொண்டுவிட்டது!

பிறகு வந்த விக்டோரியா ராணிக்கு, ஜனங்கள் எட்டிப் பார்க்கும் இந்த அரண்மனை பிடிக்கவில்லை. 1850-இல் ஊராரே ஐம்பத்து மூவாயிரம் பவுன் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்கள். இந்த விவரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கதைக்கு அது வேண்டும்.

அரண்மனையில் ஆஸ்பத்திரி

1914-இல் முதல் உலக யுத்தம் மூண்டது. இந்தியச் சிப்பாய்களைக் கப்பல் கப்பலாகப் பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். பஞ்சாபிலிருந்தும் கடுவாலிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த அந்தப் பிள்ளைகள், பல்லை நடுக்கும் குளிரில் சேற்றுப் பள்ளங்களில் நின்று போர் செய்தார்கள். காயம்பட்டவர்களைக் கடல் தாண்டிப் பிரைட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். பெவிலியனையும், அதன் பழைய குதிரை லாயமான டோம் மண்டபத்தையும் ஆஸ்பத்திரியாக்கினார்கள். எழுநூறுக்கு மேற்பட்ட படுக்கைகள். ஊரில் இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகள். கரேம் சமைத்த அறையில் இப்போது ரணசிகிச்சை!

ஏற்பாடுகளில் குறை சொல்ல முடியாது. அவரவர் மதமும் ஜாதியும் பார்த்து ஒன்பது சமையலறைகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய்கள். உருது, ஹிந்தி, குர்முகியில் அறிவிப்புப் பலகைகள். சீக்கியர் வழிபடக் கூடாரம், முஸ்லிம்கள் தொழப் புல்வெளி. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே நேரில் வந்து பார்த்தார். 1915 ஆகஸ்டில் இதே தோட்டத்தில் ஜமேதார் மீர் தஸ்துக்கு விக்டோரியா சிலுவைப் பதக்கம் குத்தினார்.

மன்னர் தாம் குடியிருந்த அரண்மனையையே எங்களுக்காகக் காலி செய்து கொடுத்துவிட்டார் என்று சிப்பாய்கள் பலர் நம்பினார்கள். ஊர்க்காரர்கள் விலை கொடுத்து வாங்கி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதை யார் அவர்களுக்குச் சொல்வது? அந்த நம்பிக்கை அரசாங்கத்துக்குச் சௌகரியமாக இருந்தது. படப் புத்தகங்களும் தபால் அட்டைகளும் அச்சிட்டார்கள். ஆனால் ஊருக்குள் இஷ்டம்போல் உலாவச் சிப்பாய்க்கு அனுமதி இல்லை. வீட்டுக்கு எழுதும் கடிதத்தையும் அதிகாரி ஒருவர் பிரித்துப் படித்த பிறகுதான் தபாலில் சேர்ப்பார். அன்பான உபசாரம்தான், ஆனால் வாசலில் காவல்!

காயம் ஆறியவர்களில் பலரை மறுபடியும் போர்முனைக்கு அனுப்பினார்கள். இந்திய ஆஸ்பத்திரி 1916 தொடக்கத்தில் மூடப்பட்டது. பெவிலியனின் தெற்கு வாசலில் குஜராத்தி பாணியில் ஒரு தோரண வாயில் நிற்கிறது. இந்தியர்களின் நன்றிக் காணிக்கை என்று 1921 அக்டோபரில் பாட்டியாலா மகாராஜா அதைத் திறந்து வைத்தார்.

குன்றின்மேல் ஒரு குடை

எல்லோருக்கும் காயம் ஆறவில்லை. பிரைட்டனில் இறந்த முஸ்லிம் சிப்பாய்களை வோக்கிங் நகரத்து மசூதிக்கு அருகே அடக்கம் செய்தார்கள். இந்துக்களும் சீக்கியர்களுமாக ஐம்பத்து மூன்று பேரை ஊருக்கு வெளியே, பாட்சம் கிராமத்துக்கு மேலே உள்ள புல் மேட்டுக்குக் கொண்டுபோய்த் தகனம் செய்தார்கள். அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள்.

அந்த இடத்தில் வெள்ளைச் சலவைக்கல்லால் ஒரு மண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். எட்டுத் தூண்கள், மேலே ஒரு குவிமாடம். பம்பாயைச் சேர்ந்த ஹென்ரிக்ஸ் என்ற இளம் சிற்பி வரைந்து கொடுத்தது. 1921 பிப்ரவரி 1-ஆம் தேதி வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தார். 'சத்ரி' என்று பெயர். சத்ரி என்றால் குடை. வெயிலுக்கும் மழைக்கும் வீட்டிலே குடை பிடிக்க ஆள் இல்லாமல் போனவர்களுக்கு அது ஒரு குடை.

இரண்டாவது உலக யுத்தத்தில் அந்த மேட்டைப் பட்டாளத்தார் எடுத்துக்கொண்டபோது, துப்பாக்கிப் பயிற்சியில் மண்டபத்தின்மேலும் குண்டுகள் பாய்ந்தன. பிறகு பழுது பார்த்தார்கள். ஆனாலும் ஒரு குறை நெடுநாள் இருந்தது. எரிந்தவர்கள் யார் யார் என்று அங்கே பெயர் இல்லை. 2010-இல்தான் ஐம்பத்து மூன்று பெயர்களையும் கல்லில் வெட்டிப் பக்கத்தில் வைத்தார்கள். தொண்ணூற்றைந்து வருஷம் கழித்து! ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

பாட்சம் வரை பஸ் போகிறது. அதற்குமேல் வண்டிப் பாதை கிடையாது. மாடுகள் மேயும் புல்வெளி வழியாக அரை மணி நேரம் மேட்டில் ஏற வேண்டும். காலைப் பொழுதில் பெவிலியனைப் பார்த்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இங்கே போனால் சௌகரியம். மூட்டு வலி உள்ள பெரியவர்கள் மெதுவாக ஏறலாம், அவசரம் ஒன்றுமில்லை. கடையோ, டிக்கெட்டோ, ராட்டினமோ அங்கே இல்லை. காற்றும் புல்லும்தான். அந்தப் பெயர்களை வாய்விட்டு ஒரு முறை படியுங்கள். அவர்களைப் பெற்ற தாய்மார்களில் ஒருத்தியாவது அந்த இடத்தைப் பார்த்திருப்பாளா?

பிறகு மாலை ரயிலுக்கு முன்னால் கடற்கரைக்குத் திரும்பி வாருங்கள். பியரில் விளக்கு ஏற்றியிருப்பார்கள். பாட்டும் சிரிப்பும் கேட்கும். குழந்தைகள் மிட்டாய்க் கோலைக் கடித்துக்கொண்டிருக்கும். நன்றாகச் சந்தோஷமாக இருங்கள்; அதற்காகத்தான் அந்த ஊர் இருக்கிறது. ஆனால் தண்ணீரில் கால் நனைக்கும்போது, நம் பிள்ளைகளின் அஸ்தி கரைந்ததும் இந்தக் கடல்தான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.